பழைய டொயோட்டா டாஸில் ஸ்பீக்கர் மாற்றம்: பாதிக்கு மேற்பட்ட வேலை கதவுக்கு உள்ளே

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 1996 முதல் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ் கார்கள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பது 2003-ஆம் ஆண்டு வண்டி. மாமா ஓட்டி, அவருக்குப் பின் என்னிடம் வந்தது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுதான் கேட்க முடியாமல் இருந்தது. முன் கதவுகளிலிருந்து வந்த ஒலி மெலிந்து கீச்சிட்டது; மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் டிக் டிக்கென்று கேட்க, இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த ஒலி இருந்த சுவடே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் கதவே அதிர்ந்து இரைந்தது. இப்போது அதே ரேடியோவில், ஆம்ப்ளிஃபையர் எதுவும் சேர்க்காமல், பாடகரின் குரல் முன்கண்ணாடிக்கு நடுவே நிற்கிறது. தொப்பி தொப்பியாகவே கேட்கிறது. இந்த மாற்றத்தில் புதிய ஸ்பீக்கரின் பங்கைவிடக் கதவைச் சரிசெய்ததன் பங்கே பெரிது என்பதால், அந்த வேலையை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே கதவின் உள்மட்டையைத் தொட்டேன். இந்த வண்டியில் கண்ணாடியை இறக்குவது கையால் சுற்றும் கைப்பிடி. அதை ஒரு சிறிய கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. நீளமான பழந்துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் அதன் பின்னால் உள்ள வட்டத் தட்டுக்கும் இடையில் நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுத்தால், துணியின் இழை கிளிப்பில் சிக்கி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே மற்றொரு கையை மேலே குவித்து வைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடியும் கதவு இழுக்கும் பிடியும் கழன்ற பின், உள்மட்டையின் விளிம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டையான நெம்புகோலால் எழுப்ப வேண்டும். இருபது ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் என்பதால் பல உடைந்தன. புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது வேலையின் ஒரு பகுதி என்றே கருத வேண்டும்.

உள்ளே கண்டதில் முழுக் காரணமும் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு கடையில் 13 செ.மீ. ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருந்தார்கள், ஆனால் அவை கதவின் இரும்புத் தகட்டில் பிடிக்கப்படவில்லை. அழுத்திய மரத்தூளால் ஆன மூன்று மி.மீ. உள்மட்டையிலேயே துளையிட்டு, நான்கு ஸ்க்ரூக்களால் முறுக்கி விட்டிருந்தார்கள். மட்டையின் அடிப்பகுதி ஈரத்தில் ஊதி, ஸ்க்ரூக்கள் பிடிப்பில்லாமல் ஆடின. இடது ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. கடலோர ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்தால் நுரை விளிம்புகளின் முடிவு இதுதான்; ரப்பர் விளிம்பு நெடுங்காலம் தாங்கும். ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. மழைநீர் உள்மட்டைக்கு வராமல் தடுக்கும் பாலித்தீன் தாள், ஸ்பீக்கருக்கு இடம் விடுவதற்காகத் தாறுமாறாகக் கிழிக்கப்பட்டிருந்தது. மட்டை ஊதியதும் அதனால்தான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் இடைவெளிகளின் வழியே கலந்துவிட்டால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆடும் மட்டையும் அகன்ற ஓட்டைகள் உள்ள கதவும் இருக்கும் இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் பொருத்தினாலும் தொப்பியின் ஒலி பிறக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் ஏன் தேவைப்பட்டன என்பது தெளிவாகிவிடும்.

பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்தேன். இரண்டுக்கும் ஸ்பீக்கரை ரேடியோவிலிருந்து முழுவதும் பிரித்துவிட வேண்டும். முதலாவது, மல்டிமீட்டரால் தடையை அளப்பது. நான்கு ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றேகால் முதல் மூன்றரை ஓம் வரை காட்டுவது இயல்பு. இடது பக்கம் 3.4 ஓம் காட்டியது. வலது பக்கம் கூம்பை மெல்ல அழுத்தும்போதெல்லாம் எண் துள்ளியது, அதாவது உள்ளே ஒயர் அறுந்து தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது, கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களின் முனையில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பது. பிளஸ் பிளஸோடும் மைனஸ் மைனஸோடும் சேர்ந்தால் கூம்பு வெளிப்பக்கம் எழ வேண்டும். வலது கூம்பு வெளியே எழுந்தது. இடது கூம்பு உள்ளே இறங்கியது. இடது கதவில் ஒயர்கள் மாறியிருந்தன. இரண்டு கதவுகளும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கியதால், இருந்த சிறிதளவு தாழ்ந்த ஒலியும் காருக்குள் அழிந்துபோயிருந்தது. இடது பக்க ஒயர்களை இடம் மாற்றிய அந்த மாலையிலேயே, உதிர்ந்த பழைய ஸ்பீக்கர்களில்கூட வித்தியாசம் தெரிந்தது. காரில் ஒலி மெலிந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன்னர் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

ரேடியோவை மாற்றவில்லை. அதன் முகப்பில் 4×50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், 14.4 வோல்ட் மின்சாரத்தில் நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு இவ்வகை ரேடியோக்கள் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட்தான். இதனால் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட் எண்ணை ஒதுக்கிவிட்டு, உணர்திறன் எத்தனை டெசிபெல் என்பதை மட்டும் பார்த்தேன். மூன்று டெசிபெல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தைப் பாதி மின்திறனில் தரும். 88 டெசிபெல் உள்ளதை விட்டு 91 டெசிபெல் உள்ளதை எடுத்தால், ரேடியோவின் திறனை இருமடங்காக்கியதற்குச் சமம். மேலும், இந்த ரேடியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் ரேடியோவுக்கு உள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே வருகிறது. அதை வண்டியின் உடம்பில் இணைத்தால் ரேடியோ கெட்டுவிடும். பழைய காலத்து வண்டிகளில் உடம்பையே மைனஸாகப் பயன்படுத்திய வழக்கம் உண்டு என்பதால், பழைய ஒயர்களை நம்பாமல் ரேடியோவிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர்களைப் புதிதாக இழுப்பது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது அளவெடுப்பு. கண்ணாடியை முழுவதும் இறக்கி, கதவின் உள்தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்தேன். எட்டாத இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டையை ஒட்டி, கண்ணாடியை இறக்கி, நசுங்கிய உருண்டையின் தடிமனை அளவுகோலால் பார்த்தேன். மிகக் குறுகிய இடத்தில் 64 மி.மீ. கிடைத்தது. கதவுத் தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 12 மி.மீ. தடிமனுள்ள அடிவளையம் வைத்தால் 76 மி.மீ. ஆகும். 62 மி.மீ. ஆழமுள்ள 16.5 செ.மீ. ஸ்பீக்கரை வைத்த பிறகும் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே 14 மி.மீ. மிஞ்சும், ஓடும் வண்டியில் கண்ணாடி ஆடும் என்பதால் இவ்வளவு இடைவெளி வேண்டும். முன்பக்கமும் ஓர் அளவு உண்டு, அதைப் பலரும் பார்ப்பதில்லை. கண்ணாடி இறக்கும் கைப்பிடி சுற்றி வரும்போது அதன் குமிழ் ஸ்பீக்கர் மூடியில் இடிக்கக் கூடாது. அட்டையில் மூடியின் உயரத்துக்கு ஒரு மாதிரி செய்து ஒட்டிச் சுற்றிப் பார்த்தேன், 8 மி.மீ. இடைவெளியில் தப்பியது.

இத்தனை அளவுகளோடு கடைக்குப் போனதால் தேர்வு எளிதாயிற்று. பாலிப்ரோப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு, உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் நடுவிலேயே உள்ள கோஆக்சியல் வகை, 91 டெசிபெல், தொடர்ந்து தாங்கும் திறன் (ஆர்எம்எஸ்) 50 வாட். ட்வீட்டரைத் தனியாகப் பிரித்து மேலே வைக்கும் வகையைப் பற்றியும் யோசித்தேன். அதற்கு டேஷ்போர்டில் துளையிட வேண்டும். மாமா ஒரு கீறல்கூட இல்லாமல் காப்பாற்றிய டேஷ்போர்டில் கத்தியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடிவளையத்துக்குப் பலரும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வெட்டுகிறார்கள், வெட்டுவதற்கும் அது எளிது. ஆனால் கதவின் உட்புறம் நனைகிற இடம். கண்ணாடியின் மேல் விழும் மழை, வெளிப்புற ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகளின் வழியே வெளியேறும்படிதான் எந்தக் காரின் கதவும் அமைக்கப்பட்டிருக்கிறது. வார்னிஷ் பூசிய எம்.டி.எஃப். துண்டொன்றை ஒரு வாளி நீரில் இரவு முழுவதும் போட்டு வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ துளை வழியாக நீர் புகுந்து விளிம்பு இரண்டு மி.மீ. ஊதிவிட்டது. அதனால் சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பாலிஎத்திலீன் பலகையை வாங்கினேன். 12 மி.மீ. தடிமன், ஒரு பலகைக்கு ஒரு வளையம். இதை ஜிக்சாவால் அறுக்கும்போது பெரிய பல் உள்ள பிளேடு வேண்டும், வேகம் குறைவாக இருக்க வேண்டும். வேகமாக ஓடினால் பிளாஸ்டிக் உருகி, அறுத்த இடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் நிற்காது. ஆகவே பிடிப்பு முழுவதும் போல்ட்டுகளாலும், காற்று கசியாமை முழுவதும் நுரை கேஸ்கெட்டாலும்தான் கிடைக்க வேண்டும்.

உள்தகட்டில் ஏற்கெனவே ஒரு திறப்பு இருந்தது. அதை 142 மி.மீ. வட்டமாகப் பெரிதாக்க வேண்டும். தகடு வெட்டுவதில் எனக்குப் பழக்கம் இல்லாததால், எங்கள் தெருவில் பேனல் பீட்டராக, அதாவது கார்த் தகடுகளைச் சீர்செய்பவராக, வேலை செய்யும் அண்ணனை அழைத்தேன். அவர் கத்தரியை எடுப்பதற்கு முன்பு சொன்னது: "கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாரு, பூட்டையும் திறந்து மூடிப் பாரு, எந்தக் கம்பி எங்க ஓடுதுன்னு தெரியாம வெட்டக் கூடாது." அப்படியே செய்து, ஓடும் கம்பிகளின் பாதையை மார்க்கரால் தகட்டில் வரைந்துகொண்டோம். காகித மாதிரியை அரை அங்குலம் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தாமல் வெட்டியிருந்தால் காந்தத்தின் விளிம்பு பூட்டுக் கம்பியை உரசியிருக்கும். தகடு வெட்டும் கத்தரி, அரம், பழந்துணி ஆகியவை போதுமானவையாக இருந்தன. இரும்புத் தூள் கதவுக்குள் தங்கினால் துருப்பிடிக்கும்; ஸ்பீக்கர் காந்தம் அதை இழுத்து இடுக்கில் சேர்த்துக்கொண்டால் கூம்பு உரசும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவின் அடிவரை துழாவி, ஒட்டிய தூளை எடுத்தோம். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் தூள் தானாக விழுந்துவிடும். வெட்டிய விளிம்பில் துருத்தடுப்பு பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்து மறுநாள் வரை காய விட்டேன். கதவின் உள்தகடு மெல்லியது. தகட்டில் நேரடியாக முறுக்கும் ஸ்க்ரூ கொஞ்ச நாளில் பிடிப்பு இழக்கும். அண்ணனிடம் இருந்த கைக்கருவியால் தகட்டின் துளையிலேயே இறுகி நிற்கும் ரிவெட் நட்டுகளை அடித்து, அவற்றில் எம்5 போல்ட்டுகளால் வளையத்தை இறுக்கினோம்.

இனிதான் முதன்மையான வேலை. கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பாபோல் ஒலித்தது. அந்த ஒலியே பாட்டோடு கலந்து வருகிறது. அலுமினியத் தாள் ஒட்டிய இரண்டு மி.மீ. பியூட்டைல் ரப்பர் தாளை இதற்குப் பயன்படுத்தினேன். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப் பட்டை இதைவிட மிகவும் மலிவு. ஆனால் பிப்ரவரி வெயிலில் நிறுத்திய காரின் கதவுத் தகடு கை வைக்க முடியாதபடி சுடும், அப்போது தார் இளகி வழியும், நாறும். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் அது வடிகால் துளைகளை அடைத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தாள் ஒட்டும் முன் சோப்பு நீரால் தகட்டைக் கழுவி, காய்ந்த பின் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை துடைக்க வேண்டும். கதவுக்குள் கை நுழையும் திறப்புகள் சிறியவை என்பதால் தாளைக் கைப்பிடி அளவுத் துண்டுகளாக வெட்டி, தகட்டின் நடுப்பகுதிகளில் மட்டும் ஒட்டி, சிறிய உருளையால் தாளின் மேலுள்ள புடைப்பு மறையும் வரை அழுத்தினேன். தகடு முழுவதையும் மூட வேண்டிய தேவை இல்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில் கால்பங்கு மூடியதுமே தட்டும் ஒலி மரக்கதவைத் தட்டுவதுபோல் மாறிவிட்டது. அதற்கு மேல் ஒட்டியது கூடுதல் எடையாகவே தெரிந்தது. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள இடத்தை மட்டும் முழுமையாக மூடினேன். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைத் தொடவில்லை.

உள்தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளை மூடியதுதான் இந்த வேலை முழுவதிலும் அதிகப் பலன் தந்த பகுதி. ஓட்டைகளின் அளவுக்கு ஒரு மி.மீ. அலுமினியத் தகடுகளை வெட்டி, விளிம்பில் நுரைப் பட்டை ஒட்டி, சிறிய ஸ்க்ரூக்களால் பிடித்தேன். கண்ணாடியை ஏற்றும் பொறி ஒருநாள் பழுதானால் அந்த வழியேதான் கையை விட வேண்டும். அதனால் பியூட்டைலை ஓட்டையின் குறுக்கே நேரடியாக ஒட்டிவிடுவதை நான் விரும்பவில்லை. தகடுகளின் மேல் ஒரு துண்டு பியூட்டைல், அதன்மேல் புதிய பாலித்தீன் தாள். ஸ்பீக்கரின் மேல்பக்கம், கதவுக்கு உள்ளே, ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வளைத்து ஒரு சிறு தாழ்வாரம் வைத்தேன். கண்ணாடியில் வழியும் நீர் காந்தத்தின் மீதும் இணைப்புகளின் மீதும் சொட்டாமல் விலகி விழும்.

ஒயருக்கு 1.5 சதுர மி.மீ. முழுச் செம்பு எடுத்தேன். ரேடியோவிலிருந்து கதவுக்கு மூன்று மீட்டர், போக வர ஆறு மீட்டர். இந்தத் தடிமனில் மொத்தத் தடை 0.07 ஓம்தான். பழைய மெல்லிய ஒயரில் இது மூன்று மடங்குக்கு அருகில் இருந்திருக்கும். கடையில் மலிவாகத் தொங்கும் சுருள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். இழையைப் பேனாக்கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கதவுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயரை நுழைப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. விறைப்பான கம்பியை முதலில் அனுப்பி, அதன் நுனியில் ஒயரைக் கட்டி, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, ஒருவர் தள்ள மற்றவர் இழுக்க வேண்டும். குழாயைத் தவிர்த்துவிட்டுக் கதவு இடுக்கில் ஒயரை விட்டால் ஒவ்வொரு முறை கதவை அறையும்போதும் அது நசுங்கும். இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டாமல், உலோக முனையைக் கருவியால் நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் முறையில் செய்தேன். ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துவிடும். அதிர்வில் சரியாக அந்த எல்லையில் முறியும். மின்வெட்டு நேரத்திலும் கிரிம்ப் கருவி வேலை செய்யும் என்பது இந்நாட்டில் சிறிய வசதியன்று. ரேடியோவின் பின்னால் வெள்ளை முன் இடதுக்கும், சாம்பல் முன் வலதுக்கும், பச்சை பின் இடதுக்கும், ஊதா பின் வலதுக்கும் உரியவை. கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் மைனஸ். பொருத்தி முடித்ததும், ரேடியோவில் சொருகுவதற்கு முன்பு, பேட்டரிச் சோதனையை மறுபடியும் செய்தேன். இரண்டு கூம்புகளும் வெளியே எழுந்தன.

ஊதிய உள்மட்டையை வெயிலில் காய வைத்து, பின்புறம் வார்னிஷ் பூசி, ஸ்பீக்கர் வளையம் உள்ளிருந்து வெளியே நீட்டும்படி துளையைப் பெரிதாக்கினேன். வளையத்துக்கும் மட்டையின் துளைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி நின்றது. முதலில் அதை அப்படியே விட்டு மூடியைப் பொருத்திக் கேட்டேன். ஒலி நன்றாகவே இருந்தது. எனினும் சில சொற்களில் மட்டை பின்னாலிருந்து முணுமுணுத்தது. கூம்பின் ஒலியில் ஒரு பகுதி மட்டைக்குப் பின்னால் புகுந்துகொண்டிருந்தது. இடைவெளி முழுவதையும் நுரைப் பட்டையால் அடைத்தவுடன் முணுமுணுப்பு நின்றது, குரலும் தெளிந்தது. ஒரு மீட்டர் நுரைப் பட்டையால் இவ்வளவு மாற்றம் வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதற்குப் பிறகும் வலது கதவில் எங்கோ ஒரு படபடப்பு. பாட்டை வைத்து இதைத் தேடுவது வீண்; ஒலி தோன்றி மறைந்துவிடும். கைபேசியில் ஒற்றைச் சுருதியை எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏற்றினேன். 70 ஹெர்ட்ஸை ஒட்டிப் படபடப்பு எழுந்ததும் சுருதியை அங்கேயே நிறுத்திவிட்டு, கதவின் ஒவ்வோர் இடத்தையும் கையால் அழுத்திப் பார்த்தேன். பூட்டுக் கம்பியைப் பிடித்ததும் நின்றது. துணி டேப்பைக் கம்பியில் சுற்றி, அது தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு கம்பளியை ஒட்டினேன். 110 ஹெர்ட்ஸில் எழுந்த மற்றோர் ஒலி, கண்ணாடிக் கைப்பிடியின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் வட்டத் தட்டிலிருந்து வந்தது. அதற்கும் கம்பளி வாஷர் ஒன்று போதுமானதாயிற்று.

பின்பக்கத்தில் 6×9 அங்குல ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே இருந்தன, அவற்றை மாற்றவில்லை. ஆனால் அவை இருந்த மட்டைத் தட்டு நடுவில் தொய்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் புதிதாகச் செய்து, இரண்டு பக்கமும் போல்ட்டால் பிடித்தேன். இந்தப் போல்ட்டுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஹேட்ச்பேக் வண்டியில் பின்தட்டு சும்மா வைக்கப்பட்டிருக்கும்; அதன்மேல் இரண்டு கனமான காந்தங்களை ஏற்றிவிட்டு, என்2 நெடுஞ்சாலையில் ஒரு கடும் பிரேக் அடித்தால், அந்தப் பலகை பின்னிருக்கையில் இருப்பவரின் தலையை நோக்கித்தான் வரும். எங்கள் வண்டியில் பின்னிருக்கையில் அம்மா உட்காருகிறார். தட்டைக் கழற்ற வேண்டிய நேரத்துக்காக ஒயரில் பிடுங்கிச் சொருகும் இணைப்பி வைத்தேன்.

ரேடியோ அமைப்புகளில், தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் வடிப்பானை முன் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். 16.5 செ.மீ. கூம்பால் அதற்குக் கீழே அதிகம் செய்ய இயலாது. அந்தப் பளுவை எடுத்துவிட்டால் எஞ்சிய ஒலி சுத்தமாகும், சத்தத்தையும் கூடுதலாக ஏற்றலாம். பாஸ் பூஸ்ட் அணைக்கப்பட்டது. பின்பக்கத்தை ஃபேடரால் வெகுவாகக் குறைத்து, அம்மாவுக்குச் செய்தி தெளிவாகக் கேட்கும் அளவில் நிறுத்தினேன். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் வலது ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது. பேலன்ஸை இரண்டு படி இடப்பக்கம் நகர்த்தியதும் குரல் நடுவுக்கு வந்தது. ரேடியோவில் காலத் தாமத அமைப்பு இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஒலி 34 செ.மீ. கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி ஆகும் என்பதை வைத்து, இருக்கையிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் உள்ள தூர வேறுபாட்டை அளந்து கணக்கிட்டுவிடலாம்.

சோதித்துக் கேட்டதில், லோட்டஸ் எஃப்.எம். நிலையத்தின் 87.7 அலைவரிசையில் அறிவிப்பாளரின் குரல் மார்பொலியோடு வந்தது. முன்பு அது தொலைபேசிக் குரல்போல் இருந்தது. யு.எஸ்.பி.யில் வைத்திருந்த கச்சேரிப் பதிவுகளில் தம்பூரா தொடர்ந்து கேட்டது. தொப்பியில் கும்கி எனப்படும் வழுக்கொலி சறுக்கி மேலேறுவது தெரிந்தது. தவிலின் ஒலி அடிவயிற்றில் இடிக்கும் அளவுக்கு இல்லை. அதற்கு மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் வேண்டும். நாகஸ்வரம் மட்டும் உச்ச சத்தத்தில் காதைச் சற்றுக் குத்தியது. ட்ரெபிளை ஒரு படி குறைத்தேன்.

செலவு, ராண்டில்: ஸ்பீக்கர் ஜோடி 1,150; பியூட்டைல் தாள்கள் 680; ஒயர் 12 மீட்டர், மீட்டருக்கு 16 வீதம் 192; காய் நறுக்கும் பலகை இரண்டு 190; ரிவெட் நட்டும் போல்ட்டும் 84; உள்மட்டைக் கிளிப்புகள் 60; அலுமினியத் தகடும் நுரைப் பட்டையும் 140; பிரைமர் 75. மொத்தம் 2,571. ஒட்டுப்பலகையும் வார்னிஷும் வீட்டில் இருந்தவை. ஸ்பீக்கருக்குப் போனது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. கையில் பணம் குறைவாக இருப்பவர் விலை குறைந்த ஸ்பீக்கரை வாங்கி, கதவு வேலையைக் குறைக்காமல் செய்தால் அவருக்கு நல்ல ஒலி கிடைக்கும். எதிர்மாறாகச் செய்தால் கிடைக்காது.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். ரப்பர் குழாய்க்குள் ஒயர் நுழைக்கும் அந்தச் சிரமத்தை ஒருமுறை படும்போதே, பிற்பாடு ட்வீட்டரைப் பிரித்து வைக்க விரும்பினால் உதவும் வகையில் இரண்டாவது ஜோடி ஒயரையும் சேர்த்து இழுத்துவிடுவேன். கண்ணாடியின் வெளிப்புற ரப்பர் பட்டையை முதலிலேயே மாற்றுவேன். அது வெடித்திருந்தால் கதவுக்குள் வரும் நீர் பலமடங்காகிறது. கோடை மழைக்காலம் முடிந்ததும் வலது கதவைத் திறந்து பார்த்ததில் வளையமும் காந்தமும் இணைப்புகளும் உலர்ந்தே இருந்தன, பிரைமர் பூசிய விளிம்பில் துரு இல்லை. அலுமினியத் தகட்டின் அடி விளிம்பில் இருந்த நுரைப் பட்டை மட்டும் நீரை உறிஞ்சி ஈரமாகவே இருந்தது. திறந்த துளை உள்ள நுரை அந்த இடத்துக்கு உதவாது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கயிறுபோல் திரித்து விற்கும் பியூட்டைல் பசையை விளிம்பு முழுவதும் வைத்துத் தகட்டை மறுபடியும் பிடித்திருக்கிறேன். இடது கதவிலும் அதே மாற்றத்தைச் செய்வதற்குப் பசை மிச்சம் இருக்கிறது.